பிணைக் கையெழுத்து: பாறசாலை நாட்குறிப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

பாறசாலை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கேரள ஊர். தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆலய வராந்தாவில் ஒதுங்கி நின்றபோதுதான் அண்ணன் பேச்சை எடுத்தார். சித்தப்பா மகன், என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் மகனுக்குக் குவைத்தில் வெல்டர் வேலை வந்திருக்கிறதாம். ஏஜென்டுக்கு இரண்டு லட்சம் கொடுக்க வேண்டும். அண்ணன் சேர்ந்திருக்கும் மூன்று லட்ச ரூபாய் சிட்டி, அதாவது மாதச் சீட்டு, இந்த மாதம் அவருக்கு விழுந்திருக்கிறது. முன்கூட்டியே எடுப்பதற்கான தள்ளுபடி போகக் கைக்கு 2,10,000 வரும். பணத்தை எடுக்க, மீதித் தவணைகளுக்குப் பிணை வேண்டும்.

"உன் சம்பளச் சான்று போதும் தம்பி. ஒரு கையெழுத்துதானே."

சபையார் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "யோசித்துச் சொல்கிறேன் அண்ணே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

ஜூன் 10, திங்கள்

இரவு கணக்கு நோட்டை எடுத்தேன். மாதம் 5,000, அறுபது மாதம். ஏழு மாதம் கட்டியிருக்கிறார். மீதி 53 மாதத்துக்கு 2,65,000. சிட்டியில் லாப வீதமாகத் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்தாலும் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அண்ணன் ரப்பர் பால் வெட்டுவது அடுத்தவர் தோட்டத்தில். மழைநீர் வெட்டில் இறங்காமல் தடுக்கும் மழைமறை கட்டாத மரங்கள். மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. இப்போது ஜூன் மாதம்.

அப்பா நினைவு வந்தது. 2011-இல் ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது எல்லாருக்குமே தைரியம் வந்திருந்தது. நண்பர் ஒருவர் ஜீப் வாங்கினார், அப்பா பிணை நின்றார். விலை இறங்கி இறங்கி 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே போனது. நண்பர் கெட்டவர் அல்லர், அவரால் முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பதினைந்து சென்ட் நிலம் போயிற்று. அங்கே நின்ற பலாமரத்தின் பழத்தை இன்றைக்கும் வேறு யாரோ பறிக்கிறார்கள். அப்பா ஒருநாளும் அதைக் குறைசொன்னதில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதை விட்டுவிட்டார்.

நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பிணைப்படாதே என்று சொல்லிவிட்டு, கொடுக்க உன்னிடம் இல்லாவிட்டால் உன் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்களே என்று கேட்கிறது. அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி சொன்னாள்: "அந்தப் பணத்தை நாமே கட்டப்போகிறோம் என்று நினைத்துப் போட முடியுமானால் போடுங்கள். முடியாதென்றால் போடாதீர்கள்." மாதம் ஐந்தாயிரம் எங்களால் முடியாது. சபையார் முன்னால் நல்லவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது; அதை இந்த இரவில் கர்த்தரிடம் ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

பள்ளி அலுவலகத்தில் இருக்கும்போது செய்தி வந்தது. குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் அதிகாலையில் தீ. பலர் தூக்கத்திலேயே புகையில் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

இறந்தவர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. இறந்த இந்தியர் 45 பேர். 23 பேர் மலையாளிகள், ஏழு பேர் தமிழர்கள். பெட்டிகளை வரிசையாக வைத்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மதினி ஓடிவந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "போகவேண்டாம் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றார்கள். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வளைகுடாப் பணத்தில் ஓடு மாறிய வீடுகள் எங்கள் தெருவில் எத்தனை! போவதா வேண்டாமா என்பதைவிட, எப்படிப் போகிறான் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஜூன் 15, சனி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் அடுப்புக்கு மேலே நாலைந்து ரப்பர் ஷீட்டுகள் புகையில் காய்ந்துகொண்டிருந்தன. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணே. என்னிடம் இருபதாயிரம் இருக்கிறது. அது கடன் இல்லை, தம்பி பங்கு."

அவர் பணத்தைத் தொடவில்லை. "விசுவாசம் உள்ளவன் பேசும் பேச்சா இது?" என்றார். அது தைத்தது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் வசனம் சொல்வது அடிப்பதுபோல் இருக்கும். பேசாமல் இருந்தேன்.

பிறகு விசாவைக் காட்டச் சொன்னேன். பையன் கைப்பேசியில் காட்டினான். வருகை விசா, வேலை விசா அல்ல. "அங்கே போனதும் மாற்றித் தருவார்கள் சித்தப்பா" என்றான். அவன் பத்தாம் வகுப்பு தேறவில்லை. அவன் பாஸ்போர்ட்டில் குவைத் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்; இவர் கேட்பது இரண்டு லட்சம். முறையாகப் போகிறவனுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்குக் கட்டணம் 275 ரூபாய். வருகை விசாவில் போகிறவனுக்கு அதுவும் இல்லை. அந்தப் பெட்டிகளில் ஒன்றாக இவன் திரும்பி வந்தால் யாரிடம் போய் நிற்பது?

"ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கு" என்றேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

அண்ணன் ஆலயத்தில் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவார். இன்று பின் வரிசையில் உட்கார்ந்தார். குவைத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஜெபித்தோம். கண்ணை மூடியும் அவர் இருமும் சத்தம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரவு எட்டரைக்குக் கதவைத் தட்டும் சத்தம். பையன் நனைந்து வந்து நின்றான். ஏஜென்ட் எண் தரவில்லையாம். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லையாம். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட்டும் வெல்டிங் பட்டறைச் சான்றும். "அப்பாதான் உங்களிடம் கொண்டுபோகச் சொன்னார்" என்றான்.

நாளை பக்ரீத் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் இருவரும் திருவனந்தபுரம் போகிறோம்; முதலில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், பிறகு தைக்காட்டில் நோர்க்கா, வெளிநாடு போகும் கேரளத்தாருக்கான அரசு அலுவலகம். அவனுக்குத் துவட்டத் துண்டு கொடுத்துவிட்டு மனைவி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.