வெள்ளைப் பூவுக்கு மேல் எத்தனை கணு?

பருத்திக்கு மேலுரம் எவ்வளவு போடலாம் என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு எண் தெரிய வேண்டும். இன்று வெள்ளைப் பூ நிற்கும் கணுவுக்கு மேல் இன்னும் எத்தனை கணு இருக்கிறது? மண் பரிசோதனை அட்டை விதைப்புக்கு முன்பு மண்ணில் இருந்ததைச் சொல்லும். இந்த எண்ணோ, செடி இந்த வாரம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். கருவி எதுவும் வேண்டாம். அரை மணி நேரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

பருத்திப் பூ வெள்ளையாக இருப்பது ஒரே நாள்தான். மறுநாளே இளஞ்சிவப்பாகிவிடும். அதனால் அன்று மலர்ந்த பூவை மட்டும் எடுக்க வேண்டும். அதுவும் காய்க்கும் கிளையில் தண்டை ஒட்டிய முதல் இடத்துப் பூவாக இருக்க வேண்டும். கிளை நுனியில் இருக்கும் பூ கணக்கில் வராது. அந்தக் கிளை புறப்படும் கணுவுக்கு அடுத்த கணுவை ஒன்று என்று வைத்து மேலே எண்ணுங்கள். உச்சியில் சுருள் விரிந்து, சுமார் 2.5 செ.மீ. அகலமாவது வந்த இலை உள்ள கணு கடைசிக் கணு. வயலில் நான்கு இடங்களில் இடத்துக்குப் பத்துச் செடி எண்ணிச் சராசரி எடுக்கலாம். வரப்போரச் செடிகளை விட்டுவிடுங்கள், அவை எப்போதும் கூடுதலாகவே காட்டும். இங்கே சொல்லும் எண்கள் பரவலாகப் பயிராகும் ஹிர்சூட்டம் என்ற பருத்தி இனத்துக்கு. நீள இழைப் பருத்தியான பார்படென்ஸ் இனத்தில் பூவே மஞ்சளாகத்தான் மலரும்.

பூக்கத் தொடங்கும் வாரத்தில் எட்டு முதல் பத்துக் கணு இருந்தால் செடி திடமாக இருக்கிறது. ஆறு, ஏழு என்றால் ஏற்கெனவே ஏதோ குறைந்திருக்கிறது. ஐந்துக்கு இறங்கினால் செடி வளர்ச்சியை நிறுத்தப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வரும் பூக்களில் தேறும் காய் சிறிதாகத்தான் இருக்கும்.

ஏன் இறங்குகிறது? தண்டில் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு புதுக் கணு வருகிறது. பூவும் அதே வேகத்தில் கிளைக்குக் கிளை மேலேறுகிறது. காய் பிடிக்கத் தொடங்கியதும் உணவெல்லாம் காய்க்குப் போவதால் உச்சி மெதுவாகிறது, பூ உச்சியை நெருங்குகிறது. ஆகவே மெல்ல இறங்குவது இயல்பு. இரண்டு வாரமாக ஒன்பதிலேயே நிற்கிறது என்றால் மகிழ வேண்டாம். சப்பையும் (பூ மொட்டும்) பிஞ்சும் உதிர்ந்துவிட்டன, செடி தழையாக மட்டும் வளர்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் யூரியா போடுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுபோல. கணுவிடையையும் அளந்து பாருங்கள். விதையிலைத் தழும்பிலிருந்து உச்சி வரையான உயரத்தைக் கணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 4 முதல் 5 செ.மீ. வரை சரி, 6ஐத் தாண்டினால் தழைச்சத்தோ (நைட்ரஜனோ) தண்ணீரோ மிகுதி. தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் அந்தக் கொழுத்த தழைக்குத்தான் முதலில் வரும். அடிக்காய் அழுகலும் பின்னாலேயே வரும்.

எண் வேகமாக இறங்குகிறது, காயும் அதிகமில்லை என்றால், உர மூட்டையைத் தொடுவதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். ஈரம் ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறதா? ஆணிவேர் நேராக இறங்கியிருக்கிறதா, இல்லை ஓர் அடிக்குள் கொக்கிபோல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடுகிறதா? மடங்கியிருந்தால் கீழே வேர் துளைக்க முடியாத இறுகிய மண் அடுக்கு, கெட்டித்தட்டு, இருக்கிறது. வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழு. இரண்டுக்கும் உரம் மருந்தாகாது. காய்ந்த மண்ணில் கிடக்கும் சத்தை வேரால் எடுக்க முடியாது, முதலில் தண்ணீர்தான்.

தழைச்சத்துக் கணக்கு எளிது, ஆனால் பெரும்பாலும் தப்பாகப் போடுகிறார்கள். மண்ணும் உரமும் சேர்ந்து நூறு கிலோ பஞ்சுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ தழைச்சத்துத் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 800 கிலோ பருத்தி, அதாவது அரைத்தால் சுமார் 280 கிலோ பஞ்சு, இலக்கு என்றால் 30 கிலோ தழைச்சத்து. இதில் பாசன நீர் கொண்டுவருவதைக் கழிக்க வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு மி.மீ. நீர் என்பது 4,047 லிட்டர். லிட்டருக்கு 10 மி.கி. நைட்ரேட் நைட்ரஜன் உள்ள கிணற்று நீரை 400 மி.மீ. பாய்ச்சினால் 16 கிலோ தழைச்சத்து வயலுக்கு வந்துவிடுகிறது, 35 கிலோ யூரியாவுக்குச் சமம். நீர்ப் பரிசோதனை அறிக்கையில் 'நைட்ரேட்' என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை 4.43ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், இதை மறந்தால் கணக்கு நான்கு மடங்கு பிசகும்.

அந்த 16 கிலோ முழுவதையும் கழிக்கக் கூடாது. பூ உச்சத்துக்கு வருவதற்குள் பாயும் நீரில் வருவது மட்டுமே பயன். பாதி என்று கொண்டால் 8 போக 22 கிலோ, அதாவது 48 கிலோ யூரியா. மண்ணில் இருக்கும் நைட்ரேட்டையும் அளந்திருந்தால் இன்னும் குறையும். கால் பங்கு அடியில், மிச்சம் சப்பை வைக்கும்போதும் முதல் பூவிலும். முதல் பூவிலிருந்து மூன்று வாரம் தாண்டினால் மண்ணில் தழைச்சத்து வேண்டாம், அது காயை முதிரவிடாமல் இழுக்கும். யூரியாவை மேலே தூவி விட்டுவிட்டால், சுண்ணாம்பு மண்ணில் அம்மோனியாவாக ஆவியாகிவிடும். மண்ணுக்குள் வைத்து உடனே தண்ணீர் கட்ட வேண்டும்.

சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், பற்றாக்குறையைத்தான் நிறையப் பேர் நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். வழக்கமாக அடியிலைகளில் தெரிய வேண்டிய குறை, காய் நிறைந்த செடியில் மேல்பாதி இளம் இலைகளில் வரும். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஓரம் வெண்கல நிறமாகிக் கீழ்நோக்கிச் சுருளும், இலை தடித்து, மடக்கினால் மொடமொடவென்று உடையும். அதன் மேல் ஆல்டர்நேரியா என்ற பூஞ்சாணத்தின் புள்ளி ஏறும். புள்ளியைப் பார்த்துப் பூஞ்சாண மருந்து தெளித்தால் காரணம் அப்படியே இருக்கும். காய் வளரும்போது காயின் ஓடு சாம்பல்சத்தை உறிஞ்சி இழுக்கிறது. அதே வாரங்களில் வேரின் வளர்ச்சி மந்தமாகிறது. தேவை ஏறுகிறது, வரத்துக் குறைகிறது.

அப்போது பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பது சரிதான், ஆனால் அதன் அளவை உணர வேண்டும். லிட்டருக்கு 20 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 4 கிலோ உப்பு. அதில் இருப்பது சுமார் ஒன்றரைக் கிலோ பொட்டாசியம். உச்ச நாட்களில் நல்ல பயிர் ஏக்கருக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஒரே நாளில் எடுக்கிறது. ஆக, ஒரு தெளிப்பு ஒரு நாள் சாப்பாடு. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் இடைக்காலத்தைத் தாண்டலாம், அவ்வளவே. குறையை மண்ணிலேயே, அடியுரமாக, வரிசையை ஒட்டிப் பட்டையாக வைத்துத் தீர்க்க வேண்டும். மணல் மண்ணில் மட்டும் பிரித்து வையுங்கள்.

போரான் வேறு மாதிரி. பருத்தியில் அது பழைய இலையிலிருந்து புதுக் குருத்துக்குப் போவதில்லை. குறைந்தால் இலைக்காம்பில் கரும்பச்சை வளையங்கள் வரும். அந்த இடத்தில் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பாக இருக்கும். 20 சதவீத போரான் உப்பை லிட்டருக்கு ஒரு கிராம், சப்பை வைக்கும்போதும் இரண்டு வாரம் கழித்தும். கையளவுக்குக் கூட்டிப் போட்டால் இலையோரம் தீய்ந்துவிடும். இலை விரல்போல் நீண்டு நரம்போடிப் போயிருந்தால் அது எந்தச் சத்துக் குறையும் அல்ல, 2,4-டி களைக்கொல்லி பட்டது; களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இங்கேயும் பயன்படுத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் தீர ஆய்வகத்துக்கு இலை அனுப்பலாம். உச்சியிலிருந்து நான்காவது விரிந்த இலை, 25 செடிகளில், ஒரே நேரத்தில். காம்பை அங்கேயே கிள்ளிப் பிரித்துவிட வேண்டும். ஒட்டியே விட்டால் நைட்ரேட் இடம் மாறி எண் பொய்யாகும். பூக்கும் தொடக்கத்தில் இலைப்பரப்பில் தழைச்சத்து 3 முதல் 4.5 சதவீதம், பொட்டாசியம் 1.5 முதல் 3 சதவீதம், போரான் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்குக்கு) குறையாமல் இருக்க வேண்டும். காம்பு நைட்ரேட் வாராவாரம் தானாகவே இறங்கும். ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், மூன்று வாரத்தை வரிசையாகப் பாருங்கள்.

எங்கே மாதிரி எடுப்பது என்பதற்கு செயற்கைக்கோள் படம் உதவும். சென்டினல்-2 படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம், சில நாட்களுக்கு ஒருமுறை கிடைக்கும். செடி வரிசை மூடிய பிறகு பச்சைக் குறியீடு (படத்தில் செடியின் பசுமையை அளக்கும் எண்) எங்கும் ஒன்றுபோலவே காட்டும் என்பதால், சப்பைப் பருவத்திலிருந்து முதல் பூ வரையான படங்களே பயன். மூன்று பருவமாக ஒரே இடம் வெளிறித் தெரிந்தால் அங்கே தனி மண் மாதிரி, பக்கத்து நல்ல இடத்தில் தனி மாதிரி. இரண்டையும் கலந்து அனுப்பினால் இரண்டு இடத்துக்கும் பொருந்தாத ஓர் அட்டை வரும்.

போட்ட உரம் பலன் தந்ததா என்பதற்கு எட்டு வரிசைப் பட்டை ஒன்றைக் கடைசி மேலுரம் இல்லாமல் விடுங்கள், மூன்று இடங்களில். காய் எண்ண, ஏக்கரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புக்குச் சமமான வரிசை நீளம் எடுக்கலாம்: வரிசை இடைவெளி 90 செ.மீ. என்றால் 4.5 மீட்டர், 75 செ.மீ. என்றால் 5.4 மீட்டர். அதில் 200 காய், காய்க்கு 4 கிராம் என்றால் ஏக்கருக்கு 800 கிலோ. உரமிட்ட பட்டைகளுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிட, விட்ட பட்டையின் வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதை நம்ப வேண்டாம். எடுப்பு ஒவ்வொன்றையும் பட்டை வாரியாகத் தனித்தனியே எடை போடுங்கள். முதல் எடுப்பின் பங்கு குறைந்து, கடைசி எடுப்பில் வெடிக்காத காய் மிகுந்த பட்டை எதுவோ, அங்கே தழைச்சத்தைத் தாமதமாகவோ மிகுதியாகவோ போட்டிருக்கிறீர்கள்.