ஐந்தரை சென்ட் மனையும் ஓர் ஓடையும்

மதுராந்தகத்துக்கு அருகே வீடு கட்டுவதற்காக ஐந்தரை சென்ட், அதாவது ஏறத்தாழ ஒரு கிரவுண்டு மனையைச் சென்ற ஆண்டு பார்த்தோம். தாய்ப் பத்திரத்திலும் முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிலும் குறையேதும் தெரியவில்லை; பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருந்தது. ஆயினும், முன்பணம் கொடுப்பதற்கு முன், நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நில அளவருடன் மனையைச் சுற்றி நடந்தபோதுதான், வடகிழக்கு மூலையில் எல்லைக்கல் இல்லை என்பதும், படத்தில் மனையை ஒட்டிச் செல்லும் ஏரி ஓடை தூர்க்கப்பட்டு மனையோடு சேர்க்கப்பட்டிருப்பதும் தெரியவந்தன. கருவேல முட்புதரின் அடியில் அந்த இடத்து மண் மட்டும் கால் புதையும் அளவுக்கு ஈரமாக இருந்தது. விற்பவர் விலையைக் குறைக்க முன்வந்தும், நீர் செல்லும் வழியில் சுவர் எழுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்துப் பார்த்த மனைகளில் அங்கீகாரத்தையே முதலில் கேட்டேன். ஏனெனில், அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகள், 20.10.2016-க்கு முன் உருவானவற்றுக்கே பொருந்தும். நான்கு கற்களும் சரியாக நிற்கும் ஒரு மனை இப்போது அமைந்திருக்கிறது. ஆடி கழிந்ததும் பத்திரப் பதிவு.