அம்மாவின் மாத்திரையும் முருங்கைக்கீரையும்

சேலம் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் வீட்டில், காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் திடீரென வலக்கை தொங்கி நாக்குக் குழறி ஒன்றரை வருடம் ஆகிறது. இதயம் தாளம் தப்பித் துடித்ததால் அங்கே உறைந்த இரத்தக்கட்டி ஒன்று மூளைக்குப் போகும் குழாயை அடைத்துப் பக்கவாதம் வந்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். மருத்துவமனையில் இருந்த நாட்களைவிட, வீடு திரும்பிய பின் சாப்பாட்டையும் மாத்திரையையும் ஒன்றோடொன்று மோதாமல் நடத்தியதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

முதலில் தண்ணீரே எதிரியாயிற்று. விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்ததால், வேகமாக ஓடும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி இருமல் வந்தது. எனவே எதையும் கெட்டியாக்கித்தான் தர வேண்டும், நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்ட பின் அரைமணி நேரம் படுக்க விடக்கூடாது என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். சேலத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ஆனால் முழு ஜவ்வரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினால் மணி தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்து தொண்டையைக் குழப்பும் என்று அவர் தடுத்ததால், மாவாகத் திரித்துக் கூழாகக் காய்ச்சினோம். பார்க்க வந்த உறவினர்களோ, படுத்திருந்தவரின் வாயில் இளநீரை ஊற்றுவதே பாசம் என்று நினைத்தார்கள். அவர்களைத் தடுத்ததில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்தான்.

இரண்டாவது மாதத்தில் வந்த சிக்கல் இதைவிடப் பெரியது. இரத்தம் உறையாமலிருக்க அம்மா வார்ஃபரின் மாத்திரையை இரவு ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்கிறார். அதன் வேலையை ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்; குறைந்தால் இரத்தம் எளிதில் உறையும், கூடினால் எளிதில் கசியும். முதலில் 2.4 இருந்தது, அடுத்த முறை 1.5 ஆகிவிட்டது. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். "கீரை ஏதாவது கொடுத்தீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோதுதான், பக்கத்து வீட்டு மரத்து முருங்கைக்கீரையைச் சத்துக்காகத் தினமும் பொரியல் செய்ததை ஒப்புக்கொண்டேன். இரத்தம் உறைவதற்குத் தேவையான பொருட்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதன் வேலையைத் தடுத்தே இரத்தத்தை உறையவிடாமல் வைக்கிறது. கரும்பச்சைக் கீரைகளில் அந்த வைட்டமின் ஏராளம். மாத்திரையும் கீரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கின்றன.

பயந்துபோய்க் கீரையை அடியோடு நிறுத்தினேன். அடுத்த பரிசோதனையில் 3.8. கையில் கன்றிப்போன நீலத் திட்டுகள், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம். அப்போது மருத்துவர் சொன்னதுதான் முதலிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. கீரையை விலக்கத் தேவையில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் அதற்கேற்ப மாத்திரையின் அளவை அவரால் வைக்க முடியும். இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஒவ்வொரு கரண்டி. எண் 2-க்கும் 3-க்கும் இடையிலேயே நிற்கிறது.

உப்பு விஷயத்தில் அம்மா இன்னும் பிணங்குகிறார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் வைத்துக்கொண்டு அதற்குள் அடங்க முடியாது. சேலத்துத் தெருக்கடைத் தீனியான தட்டுவடை செட்டை மாதம் ஒருமுறை என்று பேரம் பேசி முடித்திருக்கிறோம்.

மூட்டுவலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்குவதையும் நிறுத்திவிட்டோம், ஏனெனில் சில வலிமாத்திரைகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும். போன மாதம் ஏற்காட்டிலிருந்து சித்தி ஒரு லேகியம் கொண்டுவந்தார். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. மருத்துவரிடம் காட்டினேன், வேண்டாம் என்றார். பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. சித்தி வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்.