நாலு ஈடு டெம்பே

சோயாவில் பூசணம் வளர்த்துச் சாப்பிடும் வேலையை ஜனவரியில் ஆரம்பித்தேன். இப்போது மார்ச் கடைசி. நாலு ஈடு போட்டாயிற்று. ஒன்று குப்பைக்குப் போனது, ஒன்று பாதி தேறியது, மற்ற இரண்டையும் சாப்பிட்டோம். எந்த ஈட்டில் என்ன தப்பு செய்தேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

தூண்டிவிட்டது பக்கத்து வீட்டுப் பாட்டி. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்தை ஒட்டி. போன வருடம் ஒரு நாள் என் மனைவி ஊறவைத்த கறுப்பு உளுந்தைத் தேய்த்துத் தோல் கழித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துத் தக்காளி கொடுக்க வந்த பாட்டி, மிதக்கும் தோலைத் தண்ணீரோடு சாய்த்து வடிக்கிற கையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். "இதைத்தான் நான் வருடக்கணக்கில் செய்தேன். உங்களுடையது சின்னப் பயறு, எங்களுடையது சோயா" என்றார். வயது 74. பத்தொன்பது வயதில் ஒரு பழைய பள்ளிக்கூட பஸ்ஸில் கலிஃபோர்னியாவிலிருந்து இந்த மாநிலத்துக்கு வந்து சேர்ந்த ஹிப்பிக் கூட்டத்தில் ஒருவர். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து என் மகளுக்கு அவர் பஸ் பாட்டி.

ஹிப்பி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோவாக் கடற்கரை, சிக்குப் பிடித்த முடி, கஞ்சாப் புகை. பாட்டி சொல்லும் ஹிப்பி வாழ்க்கையில் பாதி நேரம் அண்டா கழுவுகிறார்கள்.

டெம்பே ஜாவாத் தீவுக்காரர்களின் பண்டம். தோல் நீக்கி வேகவைத்த சோயாவில் ரைசோபஸ் என்ற பூசணத்தின் வித்தைத் தூவி, வெதுவெதுப்பில் ஒன்றரை நாள் வைத்தால் வெள்ளை நூல் ஓடிப் பருப்பையெல்லாம் கட்டிப்போட்டு, பலகை மாதிரி ஒரு கேக் ஆகிவிடும். அதை வில்லை போட்டு வறுக்க வேண்டியதுதான். நம் இட்லி மாவில் வேலை செய்வது பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். இங்கே பூசணம். வித்தியாசம் சின்னதுதான் என்று முதலில் நினைத்தேன்.

முதல் ஈடு, ஜனவரி இரண்டாவது வாரம். அரைக் கிலோ சோயா. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கையால் தேய்த்தேன். உளுந்து மாதிரி சுலபமாகக் கழலவில்லை. பொறுமை போய் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டேன், பாதி ரவையாகிவிட்டது. ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்து, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, தபாலில் வாங்கிய வித்துப் பொடி ஒரு தேக்கரண்டி கலந்து, ஓட்டை போட்ட ஜிப் பையில் அடைத்தேன். அப்புறம்தான் என் புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் இட்லி மாவைப் புளிக்கவைக்கிற அதே இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கரில், அதே தயிர் பட்டனை அமுக்கினேன்.

இருபது மணி நேரத்தில் வீடே ஈரச் சாக்கு நாற்றம். பையைத் திறந்தால் கொழகொழவென்று நூல் இழுக்கிறது. பாட்டி வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். சூடும் அதிகம், ஈரமும் அதிகம், பூசணம் செத்துப் பாக்டீரியா குடியேறிவிட்டது என்றார். தயிர் பட்டன் 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிற்கும். டெம்பேக்கு 30, 31 போதும். அன்றைக்கு ஈரோட்டிலிருந்து அம்மா போனில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "பூசணம் பூத்ததைப் போய் யாராச்சும் திம்பாங்களா கண்ணு? அங்க அரிசி பருப்பு கெடைக்கறதில்லையா?"

இரண்டாவது ஈட்டுக்கு அடுப்பின் ஓவன் விளக்கை நம்பினேன். இங்கே பல தமிழ் வீடுகளில் இட்லி மாவு பொங்குவது அந்த பல்பின் சூட்டில்தான். எங்கள் ஓவனில் இருப்பது எல்ஈடி. வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. கடைசியில் பிக்னிக்குக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டிக்குள் பையை வைத்து, இரண்டு பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெந்நீர் மாற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்தேன்.

இந்தக் காத்திருப்பில்தான் பாட்டி நிறையப் பேசினார். 1967 கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதிக்கு நாடு முழுவதிலுமிருந்து இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் அந்தத் தெருக்களில் பூவுக்குப் பதில் ஹெராயின் ஊசி வந்துவிட்டது. பிழைத்துக்கொள்ள நினைத்த பலர் நாட்டுப்புறம் பார்த்துக் கிளம்பினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீஃபன் காஸ்கின் என்று ஒருவர். கொரியப் போருக்குப் போய்வந்த மரைன் படை வீரர், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் ஆசிரியர். திங்கள்கிழமை ராத்திரி அவர் நடத்திய கூட்டத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். 1970 அக்டோபரில் அவர் நாடு முழுக்கச் சொற்பொழிவாற்றக் கிளம்பினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பழைய பள்ளிக்கூட பஸ்களை வாங்கிப் பின்னாலேயே கிளம்பினார்கள். 1971இல் அந்த பஸ் கூட்டம் டென்னசியில் சம்மர்டவுன் ஊருக்குப் பக்கத்தில் ஏக்கர் 70 டாலர் என்று ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கிக் குடியேறியது. பெயர் 'தி ஃபார்ம்'. பண்ணை, அவ்வளவுதான்.

காஸ்கின் என்ன பேசினார் என்று கேட்டால் பாட்டிக்கு அதிகம் சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை. பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார். சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பலகைக் கட்டில். நடுவில் விறகு அடுப்பு, ஜன்னல் வழியாக வெளியே போகும் புகைக் குழாய். அடுப்புப் பக்கம் படுத்தால் வேர்க்கும், கதவுப் பக்கம் படுத்தால் தலையணையில் பனி உறையும்.

பஸ் போதாதபோது பட்டாளத்துப் பழைய கூடாரங்கள். அப்புறம் கட்டிய வீடுகளில் முப்பது நாற்பது பேர் சேர்ந்து இருந்தார்கள். கார் பேட்டரியில் எரியும் 12 வோல்ட் பல்பு. கையில் இருந்ததையெல்லாம் பொதுப் பணத்தில் போட்டுவிட வேண்டும், யாருக்கும் சம்பளம் கிடையாது. இறைச்சி, முட்டை, பால் கூடாது, தேன்கூடக் கூடாது. சாராயம் கூடாது. கஞ்சாவுக்கு மட்டும் தடையில்லை, அது அவர்களுக்குப் பிரசாதம் மாதிரி. நம்மூர் மடத்துக் கணக்கில் இது எந்தப் பக்கத்திலும் உட்காராது. கஞ்சாச் செடி வளர்த்த வழக்கில் 1974இல் காஸ்கின் ஜெயிலுக்கும் போனார்.

பால் இல்லை, இறைச்சி இல்லை என்றானதும் எல்லாம் சோயா தலையில் விழுந்தது. அவித்த சோயாவும் டார்ட்டியா ரொட்டியும்தான் தினப்படி. முதல் வருடங்களில் ஒரு குளிர்காலம் கையில் இருந்தது கோதுமை மட்டும். மாவாகக்கூட இல்லை, முழுக் கோதுமையை அவித்துத் தின்றோம் என்றார். சோயாப் பால், டோஃபு என்ற சோயாப் பனீர் எல்லாம் சொந்தமாகவே செய்ய ஆரம்பித்தபோது பாட்டி அதற்கான கொட்டகையில் வேலைக்குப் போனார். பின்னால் சோயாவில் ஐஸ்கிரீம்கூடச் செய்தார்கள், 'ஐஸ் பீன்' என்று பெயர் வைத்து. டெம்பேயை அமெரிக்கச் சமையலறைக்குள் கொண்டுவந்ததில் இந்தப் பண்ணைக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டி தன் வீட்டாருக்குப் போட்ட டெம்பே, செத்துப்போன ஒரு ஃபிரிட்ஜுக்குள் பல்பு தொங்கவிட்டு வளர்த்தது. என் ஐஸ் பெட்டியைப் பார்த்து அவர் சிரிக்காததற்குக் காரணம் அதுதான்.

சரி, ஈட்டுக்கு வருகிறேன். பையில் ஓட்டை குறைவாகப் போட்டுவிட்டேன். ஓட்டை இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் திருநீறு வைத்த மாதிரி வெள்ளை வட்டம், மற்ற இடமெல்லாம் வெறும் அவித்த சோயா. பூசணத்துக்குக் காற்று வேண்டும். வெளுத்த பாகத்தை மட்டும் வெட்டி வறுத்தோம். மீதி உரத்தொட்டிக்கு.

மூன்றாவது ஈட்டைப் பாட்டி எங்கள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் நின்று போடவைத்தார். மூன்று விஷயத்தில் பிடிவாதம். ஒன்று, தோல். மிக்ஸி கூடாது. ஊறிய சோயாவை ஒரு கொதி விட்டு இறக்கி, தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையாலும் பிசைந்தால் பருப்பு இரண்டாகப் பிளந்து தோல் தனியாக மிதக்கிறது. பத்துத் தடவை தண்ணீர் மாற்றினோம். பிறகுதான் முழுதாக வேகவைத்தது. இரண்டாவது, ஈரம். வடித்த பருப்பைத் துண்டில் பரப்பி ஒற்றி எடுத்து, போதாதென்று என் மனைவியின் முடி உலர்த்தியை வாங்கிக் காட்டினார். பருப்பைக் கையில் அள்ளினால் விரலில் ஒட்டக் கூடாது. மூன்றாவது, ஓட்டை. கோணி ஊசி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அரை அங்குலத்துக்கு ஒன்று, இரண்டு பக்கமும். பையைத் தட்டிப் பரப்பி, ஒரு அங்குலத்துக்கு மேல் கனம் இல்லாமல் ஐஸ் பெட்டிக்குள் கம்பித் தட்டின் மேல் வைத்தோம்.

பதினான்காவது மணி நேரம் பையைத் தொட்டால், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி சுடுகிறது. பூசணம் வளரும்போது தானே சூடு விடும். அதற்குமேல் வெந்நீர் வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து செத்துவிடும். பாட்டிலை எடுத்துவிட்டு மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன். காலையில் பருப்புக்கு நடுவில் மங்கலாக ஒரு பனி. சாயங்காலம் பருப்பே தெரியவில்லை, பஞ்சு மெத்தை. முப்பதாவது மணி நேரம் பையைக் கிழித்தோம். காளான் வாசனை. ஓட்டைகள் பக்கம் சாம்பல் நிறத்தில் புள்ளி இருந்ததைப் பார்த்துப் பயந்தேன். அது பூசணம் வித்து விட ஆரம்பித்ததற்கு அடையாளம், சாப்பிடலாம் என்றார். பாட்டி பலகையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார். வளையாமல், உதிராமல் முழுசாக எழுந்து வந்தது.

பாதியை உப்புத் தண்ணீரில் முக்கி எண்ணெயில் பொரித்தோம், அவர்கள் முறையில். மீதியை என் மனைவி சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு போட்டு வறுவல் செய்தாள். பாட்டிக்குக் கண்ணில் தண்ணீர். காரம்தான். இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார்.

அன்றைக்குத்தான் கேட்டேன், ஏன் கிளம்பினீர்கள் என்று. பண்ணையில் ஒரு கட்டத்தில் 1,200 பேருக்கு மேல் இருந்தார்கள். பாட்டியின் இரண்டு குழந்தைகளும் அங்கேயே பிறந்தார்கள், பண்ணை மருத்துவச்சிகளின் கையில். அந்த மருத்துவச்சிகளை முன்னின்று நடத்திய ஐனா மே காஸ்கினை இன்றைக்கு உலகமெங்கும் பிரசவம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். 1976இல் குவாத்தமாலாவில் பூகம்பம் வந்தபோது பண்ணைக்காரர்கள் 'பிளென்ட்டி' என்ற தங்கள் சேவை அமைப்பு மூலம் அங்கே போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள், சோயாப் பால் எடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 1980இல் முதல் தடவையாகக் கொடுக்கப்பட்டபோதே பிளென்ட்டிக்குக் கிடைத்தது. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கடன் ஏறிக்கொண்டே போனது. 1983இல் பொதுப் பணத்தில் வாழ்ந்தது போதும், இனி அவரவர் சம்பாதித்து மாதா மாதம் பங்கு கட்ட வேண்டும் என்று முடிவானது. நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள்.

பாட்டியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இரவல் பிக்கப் வண்டியில் நாஷ்விலுக்கு வந்தார்கள். பன்னிரண்டு வருட உழைப்புக்குக் கையில் சேமிப்பு இல்லை, வேலைக்கு மனுப் போட்டால் இத்தனை வருடம் என்ன செய்தாய் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை கிடைத்தது. நூறு பேருக்குச் சமைப்பாயா என்று கேட்டார்களாம். அது குறைச்சல் என்றாராம்.

வருத்தம் உண்டா என்றேன். வறுவல் தட்டில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு சோயாத் தோலைக் காட்டி, இன்னும் ஒரு தண்ணீர் மாற்றியிருக்கலாம் என்றார்.

பிப்ரவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் பண்ணைக்குக் கூட்டிப்போனேன், ஒன்றரை மணி நேரம். இப்போதும் ஏறக்குறைய 200 பேர் இருக்கிறார்கள். சோயாக் கொட்டகை இருந்த இடம் என்று ஒரு மரத்தடியைக் காட்டினார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, இல்லை, அது அந்தப் பக்கம் என்றார். திரும்பும்போது வண்டியில் தூங்கிவிட்டார்.

நாலாவது ஈடு போன வாரம், தட்டைப்பயறில். சோயாவை விடத் தோல் சீக்கிரம் கழல்கிறது, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் குழைந்துவிடும். வித்து அதே அளவு, 28 மணி நேரத்தில் கட்டிவிட்டது. சோயாவின் பச்சை வாசனை இல்லை, எங்கள் வீட்டில் இதற்குத்தான் ஓட்டு. போட்டோ அனுப்பினேன். "தட்டப்பயறையுமா?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

அடுத்தது வாழை இலையில். இந்தோனேசியாவில் அப்படித்தான் கட்டுவார்கள், ஊசி ஓட்டையே வேண்டாம். ஆசியக் கடையில் உறையவைத்த இலை கிடைக்கிறது, ஒரு கட்டு வாங்கி ஃப்ரீசரில் போட்டிருக்கிறேன். பாட்டி வாழை இலையில் கட்டியதே இல்லையாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன், அதுவரை ஊறவைத்ததைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார்.