ஒற்றைப் பெட்டி ரயிலுக்கு ஒரு பள்ளத்தாக்கு

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல், என் மாடல் ரயில் பாதையின் கூம் சந்திப்புக்கு முதல் ரயில் வந்து, நின்று, திரும்பிப் போனது. தடம் மாற்றும் பாயிண்டின் மேல் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. மூன்று மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். ரயில் என்றால் ஒரே ஒரு பெட்டிதான். நீளம் 157 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு கைப்பேசி அளவு.

1994 அக்டோபரில் படிப்பதற்காக இங்கிலாந்தின் பிளிமத் நகருக்கு வந்தேன். வந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலையில், கார்ன்வாலுக்குள் போய் லிஸ்கார்டு ஸ்டேஷனில் இறங்கி, லூ என்ற கடலோர ஊருக்குப் போகும் கிளைப் பாதை ரயிலில் ஏறினேன். அந்தக் கிளைப் பாதையின் பிளாட்பாரம் மெயின் லைனுக்குக் குறுக்காக, தனியாக இருக்கும். கடல் இருப்பது தெற்கே. ரயிலோ வடக்கு நோக்கிக் கிளம்பியது. பிறகு காட்டுக்குள் வளைந்து வளைந்து, மெயின் லைனுக்கு அடியிலேயே நுழைந்து, சரிவில் இறங்கி, மரங்களுக்கு நடுவே ஓரிடத்தில் நின்றது. பிளாட்பாரம் இல்லை. ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. கார்டு மட்டும் கீழே இறங்கி ஜல்லி மேல் நடந்து போய் ஒரு லீவரை இழுத்தார். டிரைவர் தன் பையை எடுத்துக்கொண்டு எங்கள் நடுவில் நடந்து மறுமுனைக்குப் போனார். கார்டு வந்து ஏறிக்கொண்டதும் ரயில் வந்த பக்கமே நகர ஆரம்பித்து, வேறு தண்டவாளத்தில் ஆற்றோரமாக இறங்கிப் போனது.

அப்பா செங்கோட்டைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பாயிண்ட்ஸ்மேன், கார்டு, டிரைவர் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும் ஸ்டேஷன்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கார்டே பாயிண்ட்ஸ்மேனாகவும் இருக்கும் அந்த ஒரு நிமிடம் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரி அப்பாவுக்கு ஏரோகிராமில் நான்கு பக்கமும் அதைத்தான் எழுதினேன்.

ஏன் அங்கே ரயில் திரும்ப வேண்டியிருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 1860-ல் அந்தப் பாதையைப் போட்டது மேலே மூர்லாந்து என்ற மேட்டு நிலத்திலிருந்து வரும் செப்புத் தாதுவையும் கிரானைட் கல்லையும் பள்ளத்தாக்கில் இருக்கும் மூர்ஸ்வாட்டரிலிருந்து லூ துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான். பயணிகளை ஏற்றியது 1879 முதல். மெயின் லைன் அவர்கள் தலைக்கு மேலே, ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில், மூர்ஸ்வாட்டர் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. லிஸ்கார்டில் வண்டி பிடிக்க வேண்டியவர்கள் மலையேறி நடந்தார்கள். 1901-ல்தான் மேலே இருக்கும் ஸ்டேஷனிலிருந்து ஒரு முழு வளையமே போட்டுக் கீழே கொண்டுவந்து பழைய பாதையோடு இணைத்தார்கள். 40-க்கு 1 சரிவு. அந்த வளையம் கூம் சந்திப்பில் வந்து சேரும்போது அதன் முகம் வடக்கே இருக்கிறது. லூ தெற்கே. அதனால்தான் இன்றும் ஒவ்வொரு ரயிலும் அங்கே நின்று திரும்புகிறது. 1966-ல் மூடிவிட எல்லாம் தயாராக இருந்த நேரத்தில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் காப்பாற்றிக் கொடுத்தார். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு நன்றியுணர்வு வரும்.

சரி, மாடலுக்கு வருகிறேன். நான் எடுத்தது 'N' கேஜ் என்ற சின்ன மாடல் வகை. பிரிட்டிஷ் N கேஜில் அளவு 148-க்கு 1. தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர். நிஜத் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். அதை 148-ஆல் வகுத்தால் 9.7 வர வேண்டும். மற்ற நாடுகளில் 160-க்கு 1 என்று வைத்துக் கணக்கைச் சரியாக்கிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ரயில்கள் உடம்பில் சிறியவை, அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை, அதனால் வண்டியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். இந்த வித்தியாசம் பொறுக்காத சிலர் 152-க்கு 1 என்ற அளவில் 9.42 மில்லிமீட்டர் தண்டவாளத்தைக் கையாலேயே கட்டுகிறார்கள். அவர்கள் வேலையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். நான் 9 மில்லிமீட்டரோடு நின்றுகொண்டேன். ஆனால் ஸ்லீப்பர் கட்டைகளை விடவில்லை. இங்கே 60 அடித் தண்டவாளத் துண்டுக்கு 24 ஸ்லீப்பர் என்பது பழைய கணக்கு. நம் அளவில் ஒன்றுக்கொன்று 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கடையில் வாங்கும் தண்டவாளத்தில் இதைவிட நெருக்கமாக இருக்கும். அடியில் கட்டைகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக்கைப் பிளேடால் அறுத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி ஒட்டினேன். இரண்டரை மீட்டருக்கு ஐந்நூறு கட்டைகள் போல. ஜல்லி போட்டு, தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிறம் பூசியபிறகு குனிந்து பார்த்தால் மேற்கு இங்கிலாந்துக் கிளைப் பாதை மாதிரியே தெரிகிறது.

நண்பர்கள் பலர் N கேஜை எடுப்பது அதிக ரயில் ஓட்டுவதற்காக. எட்டுப் பெட்டி, பத்துப் பெட்டி, நான்கு லைன். எனக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. ஒரே ஒரு பெட்டியைச் சுற்றிப் போதுமான அளவு பள்ளத்தாக்கு வேண்டும். மூர்ஸ்வாட்டர் பாலம் இந்த அளவில் 30 சென்டிமீட்டர் உயரம். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் வைத்தும் வீட்டில் சண்டை வராத உயரம் அதுதான். பெரிய அளவில் செய்தால் அரை மீட்டரைத் தாண்டும், பாலத்தைச் சுருக்கத் தோன்றும். சுருக்கினால் போச்சு. அந்தப் பாலத்துக்குக் கீழே மனிதனும் ரயிலும் சின்னதாகத் தெரிவதுதான் அந்த இடமே.

வளைவும் அப்படித்தான். லிஸ்கார்டிலிருந்து இறங்கும் வளையத்தின் கூர்மையான வளைவு 8 செயின் ஆரம், அதாவது 161 மீட்டர். 1985-86 வாக்கில் பேசர் என்ற நான்கு சக்கர வண்டிகளை கார்ன்வால் கிளைப் பாதைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அச்சுகளுக்கு இடையே 9 மீட்டர், வளையவே வளையாது. சக்கர விளிம்புகள் கிறீச்சிட்டுத் தேய்ந்து, இரண்டு மூன்று வருடத்துக்குள் வடக்கே அனுப்பப்பட்டன. அப்படிப்பட்ட வளைவே மாடலில் 1.09 மீட்டர் ஆரம். பெட்டியில் வாங்கும் செட் தண்டவாளத்தின் முதல் வளைவு வெறும் 228 மில்லிமீட்டர். நிஜத்தில் அது 34 மீட்டர்; இந்தப் பாதையில் ஓடும் எந்த ரயிலும் அதில் போகாது. அதனால் முழு வளையத்தை விட்டுவிட்டு, அதன் கடைசித் துண்டை மட்டும் சரியான ஆரத்தில் போட்டேன். மீதி சுவருக்குப் பின்னால்.

பெட்டி, டேப்போல் என்ற மாடல் நிறுவனம் செய்த கிளாஸ் 153 என்ற வகை. நிஜ 153-ன் கதையும் எனக்கு நெருக்கமானது. லேலண்ட் பஸ் நிறுவனம் இரண்டு பெட்டிகளாகக் கட்டிய கிளாஸ் 155 வண்டிகள் 35-ஐ, 1991-92-ல் கில்மார்னக்கில் பிரித்து 70 ஒற்றைப் பெட்டிகளாக்கினார்கள். முன்பு இன்னொரு பெட்டியோடு சேர்ந்திருந்த முனையில் புதிதாக டிரைவர் கேபின் செருக வேண்டியிருந்தது. இடமில்லாததால் அது ரொம்பக் குறுகலாக அமைந்துவிட்டது. ஒரு முனை அகலமாக, மறுமுனை ஒடுங்கி, இரண்டு முகம். கூமில் டிரைவர் முனை மாற்றும்போது அகலக் கேபினிலிருந்து அந்தக் குறுகல் கேபினுக்குப் போவார், அல்லது அங்கிருந்து இங்கே வருவார். இந்த வண்டிக்கும் இந்த இடத்துக்கும் பொருத்தம் எனக்குத் தெரிவது அங்கேதான். அடர் நீலமும் வெளிர் நீலமும் வெள்ளையும் கலந்த வண்ணம், அன்றைய அரசு ரயில்வேயின் பிரிவான ரீஜனல் ரயில்வேஸுடையது. அந்தப் பெயர் 1989-ல் வந்து, தனியார்மயத்தோடு 1997-க்குள் போய்விட்டது. நான் முதலில் ஏறியது அந்த வண்ணத்தில்தான். என் மேஜையில் எப்போதும் 1994 அக்டோபர்.

அப்புறம் அந்த பாயிண்ட். முதலில் வாங்கியதில் தண்டவாளங்கள் சந்திக்கும் முனை பிளாஸ்டிக். மெதுவாக வரும் ஒற்றைப் பெட்டிக்குச் சக்கரம் குறைவு, மின்சாரம் எடுக்கும் இடமும் குறைவு. அந்தச் சில மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும். வேகமாக ஓட்டினால் தாண்டும். ஆனால் கூமில் யாரும் வேகமாகப் போவதில்லை. அதை எடுத்துவிட்டு உலோக முனை உள்ளதைப் போட்டு, பலகைக்கு அடியில் சுவிட்ச் வைத்து, பாயிண்ட் மாறும்போது முனைக்குப் போகும் மின்சாரமும் மாறுகிறாற்போல் செய்தேன். அப்போதும் நின்றது. மல்டிமீட்டர் வைத்தால் இணைப்பு இருக்கும், ரயில் வந்தால் இருக்காது. மூன்று வாரம். கடைசியில் கவிழ்ந்து படுத்து, ஒவ்வொரு ஒயரையும் ட்வீசரால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். முனைக்குப் போகும் பச்சை ஒயர் கையோடு வந்தது. ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் உருண்டிருந்தது. ஒயரைச் சுற்றி உட்கார்ந்திருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, மறுபடி பற்றவைத்தேன். நேற்று ராத்திரி ஓடியது அதற்குப் பிறகுதான்.

காட்டுக்கு, மெல்லிய கம்பிகளை முறுக்கி ஓக் மரங்கள் செய்கிறேன். இதுவரை நாற்பத்தொன்று. தரையில் உதிர்ந்த இலைக்கு நாங்கள் தினம் குடிக்கும் டீயின் சக்கைதான். அடுப்புத் தட்டில் காயவைத்துச் சலித்தால், அக்டோபர் மாத ஓக் காட்டின் அடித்தளத்துக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கடையில் இல்லை. மனைவி வடிகட்டியில் சேர்த்துவைத்துக் கொடுக்கிறாள்.

கார்டு பொம்மை 12 மில்லிமீட்டர். லீவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். அவர் நடக்க மாட்டார், அதனால் அவருக்காக நான் நேரம் விடுகிறேன். ரயிலை நிறுத்தி, இறங்க, நடக்க, இழுக்க, திரும்பி வந்து ஏற என்று மனதுக்குள் எண்ணி, அறுபது வந்ததும் பாயிண்டை மாற்றிக் கிளப்புகிறேன். நேற்று மகன் பக்கத்தில் நின்று பார்த்தான். நாற்பதில் "போகலையா அப்பா?" என்று கேட்டான். "கார்டு இன்னும் ஏறல" என்றேன். அவன் குனிந்து அந்த லீவர் பக்கம் பார்த்துக்கொண்டு, தானும் எண்ண ஆரம்பித்தான்.

பாலத்துக்குப் பக்கத்தில், முந்தைய மரப் பாலத்தின் கல்தூண்கள் 1881-ல் மாற்றிக் கட்டியபிறகும் ஐவிக் கொடி மூடி நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றை இன்னும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு லிஸ்கார்டு போய், கொடி எதுவரை ஏறியிருக்கிறது என்று படமெடுத்து வர வேண்டும்.