அம்மாவும் காந்தமும்

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டார். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, தாலியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

தயாராகத்தான் வந்திருக்கிறார்!

அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் வெறும் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு).

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வகத்தில் இருக்கும் காந்தம் 38 டெஸ்லா. ஓட்டினால் மெகாவாட் கணக்கில் மின்சாரம் குடிக்கும், சூடு தணிக்கத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். நாட்டுக்கு ஒன்று கட்டினால் கட்டுப்படியாகுமா? நைமேகன், பிரான்சின் கிரெனோபிள், துலூஸ், ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆகிய இடங்களின் காந்தப்புல ஆய்வகங்கள் 2015-இல் ஒரே அமைப்பாகச் சேர்ந்தன. முதல் இரண்டில் நிலையான காந்தப்புலம், மற்ற இரண்டில் கண்சிமிட்டும் நேரமே நீடிக்கும் காந்தப்புலத் துடிப்பு. வெளிநாட்டு ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம்.

வெளியே வந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அங்கேயும் தாலியைக் கழற்றணுமா?"