பெல்வில் மேட்டிலிருந்து ஒரு சைக்கிள்: பாரிஸில் நான்கு நாள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. தெலெகிராஃப் மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிப் நிலையத்தில், அதாவது பாரிஸின் பொது வாடகைச் சைக்கிள் நிலையத்தில், ஒரு சைக்கிள்கூட இல்லை. பூட்டும் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. செல்பேசிச் செயலியில் பார்த்தால் சுற்றியுள்ள நிலையங்களிலும் பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

நான் தங்கியிருந்த வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடங்களாக அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார். திரும்பிப் போய்க் கேட்டதும் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினார்.

"தம்பி, இது மேடு. காலமை எல்லாரும் இஞ்சயிருந்து சைக்கிள எடுத்துக்கொண்டு கீழ உருண்டு போயிடுவினம். பின்னேரம் வரேக்க மெட்ரோவில வருவினம். பிறகு சைக்கிள் எப்படி மேல வரும்?"

நான்கு நாளும் நான் பாரிஸைப் பார்த்தது இந்த ஒரு கேள்வியின் வழியாகத்தான்.

அக்கா சொன்ன அந்த மேடுதான் பெல்வில், பாரிஸின் வடகிழக்கு மூலையில் இருப்பது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 128 மீட்டர். மோன்மார்த்ர் குன்று இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 1790களில் பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் குளோத் ஷாப் தன்னுடைய கைகாட்டித் தந்தியை இங்கே நிறுத்திச் சோதித்தார். உயரமான இடத்தில் நின்றால்தானே சைகை தூரத்துக்குத் தெரியும்? மெட்ரோ நிலையத்தின் பெயர் அதன் நினைவாக வந்தது. இங்கிருந்து சேன் நதிக்கரை ஏறத்தாழ நூறு மீட்டர் கீழே. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம்தான் பொதுச் சைக்கிளும் ஓடுகிறது. அதை எடுத்தவர் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே போகிறாரோ அங்கே விட்டுவிடலாம். திட்டத்தின் அழகும் அதுதான், சிக்கலும் அதுதான்.

அன்று நடந்தே இறங்கினேன். ரிபப்ளிக் சதுக்கத்தை நெருங்கியதும் அக்கா சொன்னது கண்ணெதிரே இருந்தது. நிலையம் நிறையச் சைக்கிள்கள், பச்சையும் நீலமுமாக. பச்சை சாதாரணச் சைக்கிள், மூன்று கியர் உண்டு. நீலம் மின்சாரத்தில் உந்தித்தள்ளும் வகை. காலையில் மேட்டில் காணாமல் போனவை எல்லாம் இங்கே வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயலியில் பதிவு செய்து வங்கி அட்டை விவரம் கொடுக்க வேண்டும். வைப்புத்தொகையாக 300 யூரோவைப் பிடித்தமாக நிறுத்தி வைப்பார்கள். அது செலவு இல்லை. ஆனால் அட்டையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் எண்களை ஹேண்டில்பார் நடுவில் இருக்கும் சிறு கருவியில் தட்டினால் பூட்டு திறக்கும். பின்னால் இழுத்து எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

அதற்கு முன்னால் ஒரு நிமிடம் செலவழித்து டயரை அமுக்கிப் பாருங்கள், பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சீட் பின்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்தச் சைக்கிளைத் தொட வேண்டாம். ஏதோ பழுது இருக்கிறது என்று, முன்னால் ஓட்டியவர் அடுத்து வருபவருக்குச் சொல்லிவிட்டுப் போன செய்தி அது. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஓட்டுகிறவர்களே தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட வழக்கம். முகம் தெரியாத ஒருவருக்காக நின்று சீட்டைத் திருப்பி வைக்கிற அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நகரத்தின் மேல் நம்பிக்கை வந்ததே அங்கேதான்.

பச்சைச் சைக்கிள் ஒன்றை எடுத்து செபாஸ்தோபோல் பூல்வார் என்ற அகலமான சாலையில் இறங்கினேன். முதல் ஐந்து நிமிடம் பயமாகத்தான் இருந்தது. வாகனங்கள் சாலையின் வலதுபக்கம் போகிற ஊர் இது. உடம்பு பழகவில்லை. ஆனால் அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை உண்டு, அதுவும் எப்போதும் நிரம்பி வழிகிற பாதை. முன்னால் போகிறவர் பின்னாலேயே போனால் போதும். வேலைக்குப் போகிறவர், முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்த அம்மா, முதுகில் கிட்டார் சுமந்த பையன் என்று எல்லாரும் ஒரே ஓட்டத்தில் போகிறார்கள். ரிவோலி தெருவுக்குத் திரும்பியதும் மூச்சு சீரானது. 2020இல் சொந்தக் கார்களுக்குப் பெரும்பாலும் மூடிவிட்ட தெரு அது. லூவ்ர் அரண்மனையின் நீண்ட சுவரை ஒட்டி, கார் இரைச்சல் குறைந்த தெருவில் மிதித்துக்கொண்டு போவதை எந்தப் பேருந்து ஜன்னலும் எனக்குத் தந்திருக்காது.

சில விதிகளைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். 2021 ஆகஸ்ட் முதல் பாரிஸின் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். சிக்னல் கம்பத்தில் மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் போட்ட சின்ன முக்கோணப் பலகை இருந்தால், சிவப்பு விளக்கிலும் அந்த அம்பு காட்டும் திசையில் போகலாம். ஆனால் மற்ற எல்லாருக்கும் வழிவிட்ட பிறகுதான், முக்கியமாக நடப்பவர்களுக்கு. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவது 2015 முதல் பிரான்ஸ் முழுக்கத் தடை. வழிகாட்டும் குரலைக் கேட்டுக்கொண்டே ஓட்டலாம் என்று நினைத்திருந்த நான் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் நின்று வரைபடம் பார்த்தேன். அப்படி நின்ற இடங்கள்தான் இன்றைக்கும் ஞாபகத்தில் இருக்கின்றன.

சனிக்கிழமை முழுக்க நதிக்கரை. 2016இல் வலதுகரைச் சாலையை மூன்று கிலோமீட்டருக்கு மேல் கார்களிடமிருந்து மீட்டுவிட்டார்கள். தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலேயே, பாலங்களுக்கு அடியில் புகுந்து புகுந்து போகலாம். அன்றைய நாளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை, சும்மா மிதித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறுதான் மனதில் நிற்பது. சேன்-மார்த்தேன் கால்வாய் ஓரத்துச் சாலைகளில் அன்று கார்களுக்கு அனுமதி இல்லை. நெப்போலியன் காலத்தில் நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரத் தொடங்கி 1825இல் திறந்த கால்வாய் இது. நீளம் நாலரைக் கிலோமீட்டர், அதற்குள் 25 மீட்டர் இறக்கம், அதைச் சமாளிக்க ஒன்பது மதகுகள். ஒரு மதகில் படகு வந்து நின்றது. பின்கதவு மூடியது, தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது, படகும் கூடவே ஏறியது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அதையே பார்த்தேன். படகை மேட்டுக்கு ஏற்ற இந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருடத்துக்கு முன்பே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சைக்கிளுக்கு?

அதற்கும் யோசித்திருக்கிறார்கள். வெலிப் தொடங்கியது 2007 ஜூலை 15. அந்தப் பழைய திட்டத்தில் மேட்டு நிலையங்களில் சைக்கிளைக் கொண்டுபோய் விடுகிறவர்களுக்குப் பதினைந்து நிமிட இலவச ஓட்ட நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2018இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது நீலச் சைக்கிள் வந்தது. இப்போது ஏற்றம் கஷ்டமில்லை. இவ்வளவு இருந்தும் லாரிகள் சைக்கிள்களை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. சரிவு தினமும் தன் வேலையைச் செய்கிறது, அவர்களும் தினமும் தங்கள் வேலையைச் செய்கிறார்கள்.

கால்வாய் ஓரத்து நிலையம் அன்று மாலை நிரம்பியிருந்தது. விட ஒரு தூண்கூடக் காலி இல்லை. சைக்கிளை எடுப்பதைவிட விடுவதற்குத்தான் திட்டம் போட வேண்டும் என்பது இந்த நான்கு நாளில் நான் கற்றது. போகும் இடத்தில் எத்தனை சைக்கிள் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எத்தனை இடம் காலி என்று பாருங்கள். சில நிலையங்களில், இடம் இல்லாதபோது, ஹேண்டில்பாருக்குள் இருக்கும் கம்பியை இழுத்துப் பக்கத்துச் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டிவிடவும் வழி உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறு முடிவுக்கு வந்துவிட்டேன்.

செயலியில் பெல்வில் பக்கம் பார்த்தேன். தெலெகிராஃப் நிலையத்தில் சைக்கிள் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் காலித் தூண்கள். கையில் இருந்தது பச்சைச் சைக்கிள். மூன்று நாளாக இந்த ஊர்ச் சைக்கிள்களைக் கீழேயே ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒன்றையாவது மேலே கொண்டுபோய் விடலாம் என்று தோன்றியது.

பெல்வில் தெரு தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது. முதல் கியர். சீனக் கடைகளின் பலகைகளுக்கு அடியில், எழுந்து நின்று மிதித்தேன். ஒரு நீலச் சைக்கிள் சத்தமில்லாமல் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டிய பெரியவர் திரும்பி என்னவோ சொல்லிக் கையை உயர்த்தினார். வார்த்தை புரியவில்லை, உற்சாகம் புரிந்தது. பாதியில் இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன். அப்புறம் மறுபடி ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது தெருவின் கீழ்க்கோடியில், வெளிர் சிவப்பு வானத்தில், ஐஃபில் கோபுரம் சின்னதாக நின்றது.

உச்சியில் காலித் தூணில் முன்சக்கரத்தை அழுத்திச் செருகினேன். பீப் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தேன். அதைக் கேட்காமல் போய்விட்டால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சைக்கிளின் சட்டகத்தில் ஒட்டியிருந்த எண்ணை ஏனோ மனதில் குறித்துக்கொண்டேன்.

திங்கள் காலை ஏழே முக்காலுக்கு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்குப் போகும்போது அந்த நிலையத்தைக் கடந்தேன். இரண்டு சைக்கிள் மிச்சம் இருந்தது, அதில் ஒன்று என்னுடையது. மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் ஓடிவந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார், சீட்டை இறக்கினார், எண்களைத் தட்டினார். கூடையில் பையைப் போட்டுவிட்டு ஒரு மிதிதான் மிதித்தார். மீதியைச் சரிவு பார்த்துக்கொண்டது.